கூசி நின்ற ஊர்

ஓத்தேமாச்சியில் ஏறினால் தோசாய் தடத்து ரயில் வெகுநேரம் பூமிக்கு அடியிலேயே ஓடும். மினாமி-சுனாமாச்சி ஸ்டேஷனைத் தாண்டியதும் மேலே ஏறி வெளிச்சத்துக்கு வந்து, அரகாவா ஆற்றுப் பாலத்தில் தடதடக்கும். கடலை நெருங்கிய இடம் என்பதால் ஆறு அங்கே கொள்ளிடம்போல அகன்று கிடக்கும். வானம் தெளிந்த குளிர்கால மாலைகளில் மேற்கே ஃபுஜி மலை கறுத்துத் தெரியும். பாலம் முடிந்ததும் வருகிற முதல் ஸ்டேஷன் நிஷி-கசாய். டோக்கியோவின் கிழக்கு ஓரம், எதோகவா வார்டு. பத்து வருஷத்துக்கு மேல் அங்கே குடியிருந்தேன். நான் பிறந்தது திருச்சி உறையூரில், இப்போது இருப்பது சென்னையில். ஆனால் கனவில் ஒரு வீட்டுக் கதவைத் திறந்தால் அது நிஷி-கசாயில் மூன்றாம் மாடியில் இருந்த அந்த இரும்புக் கதவாகத்தான் இருக்கிறது.

பழைய ஊர் இல்லை அது. நோரிப் பாசி வளர்த்தும் மீன் பிடித்தும் பிழைத்த கடலோரத்தில் மண் கொட்டி மேடாக்கி, கட்டம் கட்டமாகத் தெரு போட்டு உருவாக்கியது. ஸ்டேஷனே 1979-இல்தான் திறந்தார்கள். நம்மவர்கள் அங்கே போய்ச் சேர்ந்ததற்கு 2000-ஆம் ஆண்டு பிறக்கும்போது கணினிகளெல்லாம் குழம்பிவிடும் என்ற பயம்தான் காரணம். அதைச் சரிசெய்ய வந்த பொறியாளர்களுக்கு வேலை ஓத்தேமாச்சி, நிஹோன்பாஷி, கயாபாச்சோ பக்கத்து வங்கிகளிலும் பங்குவணிக நிறுவனங்களிலும். ஒரே ரயிலில் போய் வர நிஷி-கசாய் வசதி. வீடு கிடைப்பதுதான் பெரும்பாடு. வெளிநாட்டுக்காரர் என்றாலே தலையசைத்துவிடும் வீட்டுக்காரர்கள் அன்று நிறைய. சம்மதித்தாலும் ஜாமீன்தாரர் வேண்டும், திரும்பி வராத 'ரெய்க்கின்' என்ற நன்றிப் பணம் வேண்டும். இந்த இரண்டையும் கேட்காமல் வீடு கொடுத்தது அரசு சார்ந்த வீட்டு வாரியம் மட்டுமே. அது கட்டிய அடுக்குமாடிக் குடியிருப்புகளை 'தாஞ்சி' என்பார்கள். நிஷி-கசாயில் தாஞ்சிகள் வரிசையாக இருந்தன. ஜக்மோகன் சந்திராணி என்ற தேயிலை வியாபாரி 1979 முதல் அங்கேயே வசித்து வந்தார். வந்து இறங்கிய சைவச் சாப்பாட்டுப் பிள்ளைகள் பட்டினி கிடக்கக் கூடாதென்று சமையலுக்கு ஏற்பாடு செய்தார், வீட்டு ஒப்பந்தம் போடக் கூடவே நடந்தார். நாங்கள் 2001-இல் போனபோது அவர் போட்ட பாதையில்தான் நடந்தோம்.

அந்த ஊரில் எங்களை யாரும் அதட்டியதே இல்லை. ஒருவர் முகம் சுளித்தும் நான் பார்த்ததில்லை. கூச்சம் இரண்டு மடங்கானதற்கு அதுவே காரணம் என்று நினைக்கிறேன். உறையூரில் தவறு செய்தால் எதிர்வீட்டு மாமி தெருவிலேயே நின்று சொல்லிவிடுவார். நாமும் இரண்டு வார்த்தை பேசி முடித்துக்கொள்ளலாம். நிஷி-கசாயில் குப்பைப் பை மட்டும் திரும்பி நிற்கும். எரியும் குப்பைக்கு ஒரு நாள், எரியாததற்கு வேறு நாள், பாட்டிலுக்கும் காகிதத்துக்கும் இன்னொரு நாள். அப்போது பிளாஸ்டிக் எரியாத குப்பையில் சேர்த்தி. 2008 வாக்கில் அந்த விதியும் மாறியது. தப்பான நாளில் வைத்த பையில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டி, வண்டிக்காரர்கள் அதை மட்டும் விட்டுப் போவார்கள். உள்ளே கறிவேப்பிலைக் காம்பும் தேங்காய் ஓடும் தெரியும். யார் வீட்டுப் பை என்று யாரும் கேட்கத் தேவையில்லை. பகலெல்லாம் அது அங்கேயே இருக்கும். சாயங்காலம் இருட்டிய பிறகு நம் வீட்டுப் பெண்கள் போய் எடுத்து வருவார்கள்.

சத்தம் அடுத்தது. தரை மெல்லியது என்று எங்களுக்குத் தெரியாது. காலை ஐந்தரைக்கு மிக்ஸியில் சட்னி அரைத்தால் கீழ்வீட்டில் கூரை அதிரும். குக்கர் விசில் முதல்முறை கேட்டபோது எரிவாயு கசிகிறதோ என்று பயந்து, கீழ்வீட்டு அம்மா படியேறி வந்துவிட்டார். எழுபதை எட்டிக்கொண்டிருந்த, ஒடிசலான, தனியாக வாழும் பெண்மணி. மகன் நகோயா பக்கம். கதவைத் திறந்த என்னிடம் மன்னிப்புக் கேட்டது அவர்தான். கேட்டுவிட்டு, என் தோளுக்கு மேல் அடுப்படியை எட்டிப் பார்த்தார். நான் உள்ளே அழைத்துக் குக்கரைக் காட்டினேன். வாசலில் செருப்பைக் கழற்றி, குனிந்து, அதை வெளிப்பக்கம் பார்த்துத் திருப்பி வைத்துவிட்டுத்தான் உள்ளே வந்தார். பக்கத்தில் எங்கள் வீட்டுச் செருப்புகள் மூலைக்கொன்றாகக் கிடந்தன. வெயிட்டைத் தூக்கி ஆவி வெளியேறுவதைக் காட்டியதும் அவர் கைகொட்டிச் சிரித்தார். மகளின் கொலுசைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. 'இரவில் மணிச் சத்தம் அழகாகக் கேட்கிறது' என்று மட்டும் சொன்னார். அந்த வாக்கியத்துக்கு என்ன பொருள் என்று எங்களுக்கு முன்பே வந்திருந்த ஒரு தஞ்சாவூர் அக்கா விளக்கிய பிறகு, ராத்திரியில் கொலுசைக் கழற்றி வைக்கப் பழக்கினேன்.

மன்னிப்பாக ஒரு டப்பாவில் கேசரி கொடுத்தனுப்பினேன். டப்பா இரண்டு நாளில் திரும்பி வந்தது, உள்ளே அரிசி அப்பளம்போல மொறுமொறுவென்ற சென்பே. பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தரக்கூடாதென்று எங்கள் பாட்டியும் சொல்வாள். ஆகவே மறுபடி அதில் முறுக்கு வைத்துக் கொடுத்தேன். பீச் பழம் வந்தது. மைசூர்பாகு போனது. பட்டுத்துணியில் பொதிந்த தேயிலை வந்தது. அங்கே ஒரு பரிசு வந்தால் ஏறக்குறைய அதில் பாதி மதிப்புக்குப் பதில் செய்து கணக்கை நேர்செய்துவிட வேண்டும். நான் ஒவ்வொரு முறையும் புதுக் கணக்கைத் திறந்துகொண்டிருந்தேன். ஓய்வூதியத்தில் வாழ்பவரைக் கடைக்குப் போக வைத்துக்கொண்டிருக்கிறேன் என்று தெரிந்தபோது எனக்குச் சோறு இறங்கவில்லை. அதன்பின் அவர் கொடுத்த டப்பாவைக் கழுவித் துடைத்து, நன்றி எழுதிய ஒரு சீட்டை மட்டும் உள்ளே வைத்துக் கொடுத்தேன். அவருக்கும் அதில் நிம்மதி.

காகத்தின் கதையைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும்.

அப்பா தவறிய மறு வருஷம். போக முடியாத தூரம், மகாளய அமாவாசை. காலையில் குளித்து, வாழைக்காயும் பரங்கிக்காயும் கிடைத்த மட்டில் சமைத்து, சோற்றில் நெய்யும் பருப்பும் எள்ளும் பிசைந்து, பால்கனிக் கைப்பிடிச் சுவரில் வைத்து, 'கா கா' என்று கூப்பிட்டேன். டோக்கியோ காகம் நம் ஊர்க் காகத்தைவிடப் பெரியது; அலகு தடித்து வளைந்திருக்கும், உடம்பு முழுக்க ஒரே கறுப்பு. ஒன்று வந்தது. அப்பாவே வந்ததுபோல எனக்கு நெஞ்சு நிறைந்தது. கூப்பிட்ட குரலுக்கு வந்ததால், அமாவாசை தவறாமல் வைத்தேன். பிறகு தினமும் முதல் பிடி சோறு அங்கேதான். ஒன்று நான்கானது, நான்கு பத்தானது. எதிர் பிளாக்கின் மேல்தளத்தில் ஒரு வரிசையே உட்கார்ந்து எங்கள் பால்கனியைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

அந்தச் சமயத்தில் டோக்கியோ காகங்களோடு போராடிக்கொண்டிருந்தது என்பது எனக்குத் தெரியவே தெரியாது. குப்பைப் பைகளைக் கிழித்துத் தெருவெல்லாம் இறைக்கின்றன, கூடு கட்டும் காலத்தில் மனிதர்களின் தலையில் பாய்கின்றன என்று புகார்கள் குவிந்து, 2001-இல் நகர நிர்வாகமே பொறி வைத்துப் பிடிக்கத் தொடங்கியது. 36,000-க்கு மேல் காகங்கள் இருப்பதாக அந்த ஆண்டு கணக்கெடுத்திருந்தார்கள். குப்பையின் மேல் போர்த்துகிற பச்சை வலையும் அவற்றுக்காகத்தான். இத்தனைக்கும் நடுவில் மூன்றாம் மாடியில் ஒருத்தி தினமும் சோறு போட்டுக் கூப்பிடுகிறாள்.

லிஃப்டுக்குள் ஒரு நாள் காகிதம் ஒட்டியிருந்தது. எனக்கு எழுத்துப் புரியவில்லை. காகத்தின் படமும் அதன் மேல் சிவப்புப் பெருக்கல் குறியும் புரிந்தன. வீட்டு எண் போடவில்லை, பெயர் போடவில்லை. அந்த நாகரிகம் அவர்களிடம் எப்போதும் உண்டு. லிஃப்டில் என்னோடு ஏறியவர்கள் எல்லோரும் அந்தக் காகிதத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்த்தார்கள். இறங்கி வீட்டுக்கு வந்து, பால்கனிக் கதவைச் சாத்தித் திரையை இழுத்துவிட்டேன். காகங்கள் கத்தின. அப்பாவைப் பசியோடு திருப்பி அனுப்புகிறேன் என்ற எண்ணம் தொண்டையில் நின்றது. உள்ளே உட்கார்ந்து அழுதேன்.

கீழ்வீட்டு அம்மாவிடம் போய், வார்டு நடத்திய வகுப்பில் படித்த அரைகுறை ஜப்பானிய மொழியில் சொல்லிப் பார்த்தேன். அப்பா, இறந்துவிட்டார், சோறு, காகம். இந்த நான்கு சொல்லுக்கு மேல் என்னால் கோக்க முடியவில்லை. அவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். பிறகு உள் அறைக்கு அழைத்துப் போனார். தாத்தாமிப் பாய் விரித்த அறை. சுவரோரமாகக் கறுப்பு அரக்குப் பூசிய ஒரு சிறு மாடம். கதவைத் திறந்தார். உள்ளே கணவரின் படம், ஊதுவத்தி, ஒரு சின்ன மணி, அதன் முன்னால் காலுள்ள ஒரு குட்டி வெண்கலக் கிண்ணத்தில் கூம்பாகக் குவித்த சோறு. காலையில் வடித்த சோற்றில் முதல் கரண்டி அவருக்கு என்று சைகையில் காட்டினார். கொஞ்ச நேரம் கழித்து அதை எடுத்து என்ன செய்வீர்கள் என்றேன். 'நான் சாப்பிடுவேன்' என்றார்.

மறுநாள் அதேபோல ஒரு கிண்ணம் வாங்கி வந்தேன். அப்பாவின் படத்துக்கு முன்னால் முதல் பிடி சோறு வைத்து, பிறகு அதை நானே சாப்பிட்டேன். காகத்துக்கு வைத்ததும் மாடத்தில் வைப்பதும் ஒன்றே என்று சாஸ்திரம் தெரிந்த யாரும் எனக்குச் சொல்லவில்லை. எனக்குச் சொன்னது அந்த அம்மாதான், அது போதுமாக இருந்தது. லிஃப்டில் இருந்த காகிதம் ஒரு மாதத்தில் காணாமல் போனது.

என் கணவர் அலுவலகத்தில் பட்ட கூச்சத்தை வெகுநாள் என்னிடம்கூடச் சொல்லவில்லை. பிரிவுத் தலைவர் எல்லோரையும் விருந்துக்கு அழைத்திருந்தார். சாப்பாட்டின் நடுவில் போன் வர, எழுந்து போகும் அவசரத்தில் இரண்டு குச்சிகளையும் சோற்றுக் கிண்ணத்தில் நெட்டுக்குத்தலாகக் குத்திவிட்டுப் போயிருக்கிறார். திரும்பி வந்தபோது மேசை அமைதியாக இருந்ததாம். பக்கத்தில் இருந்த தலைவர், பேச்சை நிறுத்தாமலே கையை நீட்டிக் குச்சிகளை உருவி, அவற்றுக்கான சின்னப் பீங்கான் தாங்கியில் படுக்கவைத்தார். இறந்தவரின் தலைமாட்டில் வைக்கிற சோற்றில்தான் அப்படிக் குத்துவார்கள் என்று பிறகு ஒரு தோழர் மெதுவாகச் சொன்னாராம். அன்புமிகுதியில் ஒருவர் குச்சியிலிருந்து இன்னொருவர் குச்சிக்குத் துண்டு மாற்றுவதும் கூடாது. எரியூட்டிய பிறகு உறவினர்கள் எலும்பை அப்படித்தான் கைமாற்றிக் கலசத்தில் சேர்ப்பார்கள். துக்க வீட்டுப் பந்தியில் இலையை எந்தப் பக்கம் மடிப்பது, கல்யாணத்தில் எந்தப் பக்கம் என்று பார்த்து வளர்ந்தவர் அவர். அந்த மேசையில் இருந்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று அவருக்கு விளக்கத் தேவையிருக்கவில்லை.

என் முறை அடுத்த ஆகஸ்டில் வந்தது. எதோகவா வார்டில் ஆகஸ்டின் முதல் சனிக்கிழமை ஆற்றங்கரையில் பெரிய வாணவேடிக்கை. ஷினோசாக்கி பக்கத்துக் கரையில் மதியத்திலிருந்தே நீலத் தார்ப்பாய் விரித்து இடம் பிடிப்பார்கள். இளம்பெண்கள் எல்லோரும் யுகாத்தா கட்டி வருவார்கள். கோடைக்கான பருத்தி அங்கி அது. எனக்கும் ஆசை. கருநீலத்தில் வெள்ளைக் காசித்தும்பைப்பூ போட்ட ஒன்றை வாங்கி, படம் பார்த்து நானே கட்டிக்கொண்டேன். இடுப்புப் பட்டியை முடியத் தெரிந்துவிட்டது என்ற பெருமை வேறு. இரண்டு முன்பக்கங்களில் எது மேலே வரவேண்டும் என்று நான் யோசிக்கக்கூட இல்லை. கைக்கு எது வாகாக இருந்ததோ அதை மேலே போட்டேன்.

ஷினோசாக்கி ஸ்டேஷனிலிருந்து கூட்டம் ஆற்றை நோக்கி நகர்ந்தது. எதிரில் வந்தவர்கள் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார்கள். பார்வை மார்புக்கு இறங்கியதும் சிரிப்பு நின்றது. சேலை கட்டியவள் இதைக் கட்டியதால் பார்க்கிறார்கள் போலும் என்று நினைத்தேன். ஒரு கடை வாசலில் உட்கார்ந்திருந்த முதியவர் ஒருவர் எழுந்து வந்து என் மணிக்கட்டைப் பிடித்தார். முன்பின் தெரியாத அம்மா. கூட்டத்திலிருந்து ஒதுக்கி, இரண்டு கட்டடங்களுக்கு நடுவில் இருந்த சந்துக்குள் அழைத்துப் போனார். தன் விசிறியைப் பல்லில் கடித்துக்கொண்டார். என் பட்டியை அவிழ்த்தார். அவர் தோழி ஒருவர் சந்து வாயில் முதுகு காட்டி மறைப்பாக நின்றுகொண்டார். வலப்பக்கத்தை உள்ளே தள்ளி, இடப்பக்கத்தை மேலே கொண்டுவந்து, கணுக்கால் உயரம் பார்த்து இழுத்து, உள்கயிறு கட்டி, பட்டியை என்னைவிட இறுக்கமாகச் சுற்றி, பின்னால் ஒரு முடிச்சுப் போட்டார். பிறகு கழுத்தின் பின்புறத்தில் விரல் விட்டுத் துணியைச் சற்றே கீழே இழுத்து, பிடரி தெரியும்படி விட்டார். அந்த விரல்கள் குளிர்ந்திருந்தன, ஊதுவத்தி மணந்தன. எல்லாம் முடிந்ததும் தோளில் இரண்டு தட்டுத் தட்டி 'கிரெய்' என்றார். அழகு என்று பொருள். ஏன் அவிழ்த்தார் என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

வலப்பக்கத்தை மேலே போட்டு உடுத்துவது பாடையில் கிடத்துகிறவர்களுக்கு. நிஷி-கசாய்க்குத் திரும்பிய பிறகு தஞ்சாவூர் அக்காதான் சொன்னார். அன்றிரவு வானத்தில் அத்தனை பூக்கள் விரிந்தன, கரை முழுக்க லட்சக்கணக்கானவர்கள். அவர்களுக்கு நடுவில் சவத்துக்கு உடுத்தியபடி நடந்து வந்திருக்கிறேன். யாரோ ஒரு தாயாருக்கு அது பொறுக்கவில்லை. தெரியாத ஊரில் என்னை உயிரோடிருப்பவளாக உடுத்திவிட்டுப் போனார்.

அந்தப் பத்து வருஷத்தை எண்ணிப் பார்த்தால், ஆழமாகக் கூசிய இடமெல்லாம் இப்படித்தான். மிக்ஸிச் சத்தமும் குப்பையும் கொஞ்ச நாளில் பழகிவிடும். இறந்தவர்களுக்கென்று அவர்கள் ஒதுக்கிவைத்த ஒரு சின்ன இடம் இருந்தது. நாங்கள் திரும்பத் திரும்ப அதற்குள் கால் வைத்தோம். நமக்கும் அப்படி ஓரிடம் உண்டு என்பதால்தான் அத்தனை சுருக்கென்று தைத்தது. நாகரிகம் தெரியாதவள் என்று யாரும் நினைத்தால்கூடத் தாங்கலாம். அடுத்தவர் வீட்டுத் துக்கத்தை மிதித்தோம் என்பதைத் தாங்க முடியாது.

அம்மா ஒரு முறை வந்திருந்தாள். வீட்டிலேயே ஆழமான தொட்டி இருந்தும், பொதுக்குளியலறையைப் பார்க்க ஆசைப்பட்டாள். 'சென்தோ' என்பார்கள். அப்போது 400 யென் கட்டணம். சுவர் முழுக்க ஃபுஜி மலை ஓவியம், அடியில் ஆவி பறக்கும் தொட்டிகள், இந்தப் பக்கம் பெண்கள் மட்டும். என் அம்மா காவிரிப் படித்துறையில் குளித்து வளர்ந்தவள். மற்றவர்கள் ஒரு கைத்துண்டோடு நிற்க, அவள் பாவாடையை மார்பில் ஏற்றிக் கட்டிக்கொண்டு நேரே தொட்டியை நோக்கி நடந்தாள். உடுத்திய துணியோடும், சோப்புப் போட்டு உடம்பைக் கழுவாமலும் தொட்டியில் இறங்கக்கூடாது. பலர் ஊறுகிற தண்ணீர் அது. காவல் இருந்த பெண் ஓடி வந்து இரண்டு கைகளையும் பெருக்கல் குறிபோல வைத்துக் காட்டினாள். அம்மா அப்படியே நின்றாள். நனைந்த பாவாடையை இறுகப் பிடித்துக்கொண்டிருந்த அந்தக் கைகளைப் பார்க்க எனக்கு மனம் பொறுக்கவில்லை. அழைத்து வந்திருக்கவே கூடாது என்று தோன்றியது.

குழாய் வரிசையின் முன்னால் முக்காலியில் உட்கார்ந்திருந்த ஒரு கிழவி, பக்கத்து முக்காலியில் தண்ணீர் ஊற்றிக் கழுவி, அதில் தட்டிக் காட்டினாள். அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்து, பாவாடையை மெல்ல இறக்கினாள். கிழவி ஒன்றும் கேட்காமல் அவள் முதுகில் சோப்புத் துணியை வைத்துத் தேய்க்கத் தொடங்கினாள். மேலிருந்து கீழ், நிதானமாக. முடித்ததும் தன் முதுகைத் திருப்பிக் காட்டினாள். அம்மா தேய்த்துவிட்டாள். இருவரும் சேர்ந்து தொட்டியில் இறங்கிக் கழுத்து வரை ஊறினார்கள். திரும்பி நடக்கும்போது அம்மா சொன்னாள்: "ஆத்துல அத்தனை வருஷம் குளிச்சேன்டி, கல்யாணத்துக்கப்புறம் ஒருத்தர் என் முதுகைத் தேய்ச்சது இன்னிக்குத்தான்."

சங்கடங்களை மட்டும் சொல்லிக்கொண்டே போவது அந்த ஊருக்கு நியாயம் ஆகாது. 1998-இல் ரஜினியின் 'முத்து' டோக்கியோ ஷிபுயா தியேட்டரில் வெளியாகி மாதக்கணக்கில் ஓடியது. காய்கறிக் கடைக்காரர் எங்களைப் பார்த்ததும் துண்டைச் சுழற்றித் தோளில் போட்டுக் காட்டுவார். எங்கள் மொழியைத் தெரிந்துகொண்டதன் அடையாளமாக அவர் வைத்திருந்த ஒரே சைகை அது, அதிலேயே ஒரு முள்ளங்கி கூடுதலாக விழும்.

2011 மார்ச் 11, வெள்ளிக்கிழமை மதியம் 2.46-க்குப் பூமி ஆடியது. அலமாரியில் இருந்த பருப்பு டப்பாக்கள் எல்லாம் தரையில். ரயில்கள் நின்றன. என் கணவர் ஓத்தேமாச்சியிலிருந்து நடந்தே வந்து நள்ளிரவுக்குப் பக்கம் வீடு சேர்ந்தார். ஃபுக்குஷிமா அணு உலை இருநூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளித்தான். ஆனால் ஊரிலிருந்து போன் வந்துகொண்டே இருந்தது, இரண்டாவது குழந்தை அப்போது கைக்குழந்தை. நம்மவர்கள் கூட்டம் கூட்டமாக விமானம் ஏறினார்கள். நாங்களும் ஏறினோம். கீழ்வீட்டு அம்மா வாசல்வரை வந்து பையைத் தூக்கிக் கொடுத்தார். அவருக்குப் போக வேறு ஊர் இல்லை. டாக்ஸியில் ஏறும்போது அவர் முகத்தை நேராகப் பார்க்க என்னால் முடியவில்லை. குழந்தைக்காகப் போனோம், போனது சரிதான். ஆனாலும் அந்த அம்மாவை விட்டுவிட்டுப் போனோம் என்பது இன்றுவரை வலிக்கிறது.

வெயில் ஏறத் தொடங்கியபோது திரும்பி வந்தோம். மார்ச் 23-ஆம் தேதி கனமாச்சி நீர்ச் சுத்திகரிப்பு நிலையத்துத் தண்ணீரில் அளவுக்கு மேல் கதிரியக்க அயோடின் இருந்ததாக அறிவித்து, கைக்குழந்தைகளுக்குக் குழாய்த் தண்ணீர் வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். கடைகளில் பாட்டில் தண்ணீர் தீர்ந்துபோன நாட்கள் அவை. எங்கள் கதவுக்கு முன்னால் ஓர் அட்டைப்பெட்டி இருந்தது, மேலே குழந்தையின் பெயரை எழுத்துக்கூட்டி எழுதியிருந்தது. உள்ளே தண்ணீர் பாட்டில்கள். நாங்கள் திரும்பி வருவோமா என்று எங்களுக்கே தெரியாத நாட்களில் கீழ்வீட்டு அம்மா அதை வாங்கிச் சேர்த்திருக்கிறார். இதற்குப் பாதி மதிப்புக்கு எதைத் திருப்பிக் கொடுப்பது?

அவர் அதற்கு அடுத்த குளிர்காலத்தில் போய்ச் சேர்ந்தார். அங்கே துக்க வீட்டுக்கு உறையில் பணம் வைத்துக் கொடுப்பது வழக்கம். எழுதுபொருள் கடையில் நான் அழகாக இருந்த சிவப்பு வெள்ளைக் கயிறு கட்டிய உறையை எடுத்தேன். கடைப்பெண் என் முகத்தைப் பார்த்து, யாருக்கு என்று கேட்டாள். கேட்டுவிட்டு அதை மெல்ல வாங்கி வைத்துவிட்டு, கறுப்பு வெள்ளைக் கயிறு கட்டியதைக் கையில் கொடுத்தாள். சாவை எதிர்பார்த்துத் தயாராக இருந்ததுபோலத் தெரியும் என்பதால் புத்தம்புது நோட்டு வைக்கமாட்டார்கள். புதுநோட்டு மட்டுமே இருந்தால் நடுவில் ஒரு மடிப்பாவது மடித்து வைக்க வேண்டும். அதையும் அவளே சொன்னாள். அக்காவிடம் கறுப்பு உடுப்பு கடன் வாங்கிப் போட்டுக்கொண்டு போனேன். வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர் செய்ததைப் பார்த்து, ஊதுவத்தித் தூளை மூன்று விரலால் எடுத்து நெற்றிவரை உயர்த்தித் தணலில் தூவினேன்.

இப்போது நிஷி-கசாய் வேறு ஊராகிவிட்டது. இந்தியப் பள்ளிகள் வந்துவிட்டன. தோசை மாவு கடையில் கிடைக்கிறது. 2019-இல் மகாராஷ்டிரத்திலிருந்து போய்க் குடியுரிமை பெற்ற யோகேந்திர புராணிக் எதோகவா வார்டு மன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். குப்பை அட்டவணை ஆங்கிலத்திலும் கிடைக்கிறது. யுகாத்தாவில் எந்தப் பக்கம் மேலே, சோற்றில் குச்சியை எப்படி வைப்பது, காகத்துக்கு ஏன் சோறு போடக்கூடாது என்பதெல்லாம் எந்த அட்டவணையிலும் இல்லை. அதனால் அந்த ஊர்ப் பெண்களின் வாட்ஸப் குழுவை விட்டு நான் இன்னும் விலகவில்லை. சமீபத்தில் மதுரையிலிருந்து போன ஒரு பெண் கேட்டிருந்தாள்: "அக்கா, நாலாவது மாடியில வீடு கிடைச்சிருக்கு. பக்கத்து வீட்டுக்காரங்க வந்து விசாரிப்பாங்களா, இல்ல நாமளே போகணுமா?"

இன்றைக்கே போ, அவர்கள் வரமாட்டார்கள் என்று எழுதினேன். புதிதாக வந்தவர்கள்தான் போக வேண்டும். கடையில் பொதி கட்டிய கைத்துண்டு கிடைக்கும், விலை அதிகமாக வாங்காதே. குழந்தையையும் கூட்டிக்கொண்டு போ. முதலில் கீழ்வீடு.